ஊருக்குப் புறப்படுமுன் முகத்துக்குச் சில வார்த்தைகள்

(பண்ருட்டி வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



குடும்ப நலக் கூட்டம் என்று தண்டோரா போட்டாலே ஆண்களில் பாதிப் பேர் வாசல் பக்கம் நகர்ந்துவிடுவது வழக்கம். "மறுபடியும் மாத்திரை, காப்பர்-டி, ஆப்பரேஷன்னுதானே சொல்லப் போறாங்க" என்று நினைப்பீர்கள். இன்றைக்குப் பவுடர், பொட்டு, கண் மை, மருதாணி பற்றிப் பேசப் போகிறேன். "சுகாதாரத் துறைக்கும் பவுடர் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே தெரியும். ஆண்கள் தயவு செய்து உட்காருங்கள். கடைசிப் பகுதி உங்களுக்குத்தான்.

அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா? இல்லவே இல்லை. தலை வாரிப் பொட்டு வைத்துத் துவைத்த சேலை கட்டிக்கொண்டு கிளம்பினால் மனசுக்கே ஒரு தெம்பு வருகிறது. அந்தத் தெம்பு குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அழகு தேடப் போய் ஆரோக்கியத்தைத் தொலைக்கக் கூடாது. அதுதான் இன்றையப் பேச்சு.

நம்ம ஊர் வேலையும் நம்ம கையும்

முதலில் நம்ம ஊரைப் பார்ப்போம். பண்ருட்டி என்றால் பலா, முந்திரி. பக்கத்தில் நெய்வேலி. 1956-ல் நிறுவனம் தொடங்கி, பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊர். இந்த மூன்றும் நமக்குச் சோறு போடுகின்றன. கூடவே தோலுக்குக் கொஞ்சம் வேலையும் வைக்கின்றன.

முந்திரிக்கொட்டை உடைக்கிற தாய்மார்களே, உங்கள் கையை ஒரு தரம் நீட்டிப் பாருங்கள். விரல் நுனி கருத்து, தோல் உரிந்து இருக்கும். அது அழுக்கு இல்லை. முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைச் சுடுகிறது. மாங்காய்ப் பால் பட்டால் புண்ணாவது தெரியுமல்லவா? மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தச் சூடு இதிலும் உண்டு.

கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், கை கருப்பாக இருக்கிறதே என்று சிலர் சுண்ணாம்பு வைத்துத் தேய்க்கிறார்கள். சிலர் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைக்கிறார்கள். செய்யாதீர்கள். புண்பட்ட தோலில் இன்னொரு புண்தான் வரும். மேல்தோல் தானாகவே உதிர்ந்து புதுசாக வர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதுவரை கறை இருக்கத்தான் செய்யும். அந்தக் கறைக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையைப் படிக்க வைத்த கை அது.

வேலைக்கு உட்காருமுன் கையில் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள். கையுறை கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் தெறித்தால் வெறும் தண்ணீரில் போகாது. உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணையும் முகத்தையும் தொடாதீர்கள். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் கட்டாயம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பலாப்பழம் அறுக்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. ஒட்டிவிட்டாலும் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தோல் வறண்டு வெடித்துவிடும்.

சுரங்கத்துப் பக்கம், சாம்பல் லாரி போகிற ரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தூசி ஒரு தொல்லை. வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துண்டால் அழுத்தித் துடைப்பார்கள். அது முகத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல. முதலில் வெறும் தண்ணீரை நாலு கை அள்ளி முகத்தில் அடியுங்கள். தூசி போன பிறகு சோப்பு. பிறகு ஒற்றி எடுங்கள். கண்ணில் தூசி விழுந்தால் கசக்காதீர்கள். தண்ணீரில் கண்ணைத் திறந்து மூடுங்கள்.

பயணம் கிளம்பும்போது

திருவந்திபுரத்தில் கல்யாணம், திருவதிகையில் தேர், மெட்ராஸில் தங்கச்சி வீட்டு வளைகாப்பு என்று வருஷம் முழுக்க நமக்குப் பயணம் உண்டு. காலை 5 மணிக்கு எழுந்து, அவசரமாகக் குளித்து, ஈரத் தலையை அப்படியே பின்னி, ஈரப் பூவையும் வைத்து, வேர்வை அடங்காத முகத்தில் அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். கடலூர் போவதற்குள் பவுடர் திட்டுத் திட்டாக நிற்கிறது, குங்குமம் மூக்கு வரைக்கும் வழிகிறது, மை கன்னத்துக்கு வருகிறது. பார்த்தால் தெருக்கூத்துக்கு வேஷம் கட்டினாற்போல ஆகிவிடுகிறது.

இதற்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

முகம் கழுவி ஒற்றி எடுத்த பிறகு, விசிறிக்கு முன்னால் 5 நிமிஷம் உட்காருங்கள். வேர்வை அடங்கட்டும். பிறகு பவுடரை உள்ளங்கையில் கொஞ்சமாக எடுத்து, நன்றாகப் பரப்பி, மெல்லிசாக ஒற்றுங்கள். கொட்டித் தேய்க்க வேண்டாம். வேர்வையோடு பவுடர் சேர்ந்தால் வேர்வைத் துவாரம் அடைத்து வேர்க்குரு கிளம்பும். கைக்குழந்தைக்குப் பவுடரே வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போனால் ஆபத்து.

குங்குமம் வழியாமல் இருக்க, முதலில் நெற்றியில் ஒரு துளி வாசலைனோ தேன்மெழுகோ வைத்து அதன்மேல் குங்குமத்தை ஒற்றுங்கள். நம் பாட்டிமார் செய்த வழிதான்.

வறண்ட உதட்டை நாக்கால் நனைக்காதீர்கள். நனைக்க நனைக்க இன்னும் வெடிக்கும். துளி நெய்யோ தேங்காய் எண்ணெயோ போதும்.

தலையை முதல் நாள் ராத்திரியே குளித்துக் காய வைத்துவிடுங்கள். ஈரத் தலையைப் பின்னினால் நாற்றமும் அரிப்பும்தான் மிச்சம்.

எந்தப் புதுக் கிரீமையும் விசேஷத்தன்று முதன்முதலாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் பிறகு யோசிக்கலாம். எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். பழம் ரசத்துக்குத்தான்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்? துவைத்த கைக்குட்டை இரண்டு, சின்ன சோப்புத் துண்டு, சீப்பு, பொட்டு, ஊக்கு நாலு, சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய், மாத விலக்குக்கான நாப்கின், தண்ணீர் பாட்டில். இது போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன இடத்தில் இரண்டு நாள் விட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

பஸ்ஸுக்குள்

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்று யோசித்ததுண்டா? காலையில் பண்ருட்டியிலிருந்து மெட்ராஸ் போனால் வடக்கே போகிறோம். வெயில் கிழக்கே, அதாவது வலது கைப்பக்கம், டிரைவர் பக்கம் அடிக்கும். சாயந்திரம் திரும்பும்போது தெற்கே வருகிறோம். மேற்கு வெயிலும் வலது கைப்பக்கம்தான். ஆக இரண்டு நேரமும் இடது பக்கம் உட்கார்ந்தால் நிழல். முகத்தில் கருப்புப் படை உள்ளவர்களுக்கு இது பெரிய மருந்து. கண்ணாடி மூடியிருந்தாலும் வெயிலின் ஒரு பகுதி உள்ளே வந்து தோலைக் கருக்கும். ஜன்னல் பக்கம்தான் இடம் கிடைத்தது என்றால் முந்தானையை முகத்தோரம் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

ஓடுகிற பஸ்ஸில் கண்ணுக்கு மை இடாதீர்கள். ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கினால் குச்சி கண்ணுக்குள் போய்விடும்.

இன்னொன்று, கூச்சப்படாமல் சொல்கிறேன். வழியில் சிறுநீர் கழிக்க இடம் கிடைக்காது என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பயணம் போகிற தாய்மார்கள் ரொம்பப் பேர். உதடு காய்கிறது, தலை வலிக்கிறது, முகம் வாடுகிறது. மறுநாள் சிறுநீர் கடுக்கிறது. தண்ணீர் குடியுங்கள். பஸ் நிற்கிற இடத்தில் வீட்டுக்காரர் இறங்கி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மனைவியைக் கூட்டிப் போக வேண்டும். தான் மட்டும் டீ குடித்துவிட்டு வந்து உட்காரக் கூடாது. என்ன, ஆண்கள் பக்கம் சத்தத்தையே காணோம்?

பொட்டு, மை, மருதாணி, சாயம்

ஸ்டிக்கர் பொட்டு வசதிதான். ஆனால் அதன் பசையில் உள்ள சில ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் அரிக்கும். பிறகு பொட்டு வைத்த இடம் வெள்ளையாகும். இது குஷ்டம் இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் அரிப்பு வந்த அன்றே அந்தப் பொட்டை நிறுத்திவிட வேண்டும். எல்லாரும் ராத்திரி படுக்குமுன் பொட்டை எடுத்துவிட்டு, எண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்துக் கழுவுங்கள். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து மறுநாள் திரும்ப எடுத்து வைக்காதீர்கள்.

கண் மையில் காரீயம் கலந்த சரக்கும் விற்கிறது. பேர், விலாசம் இல்லாத மையை வாங்காதீர்கள். ஒரே மைக்குச்சியை வீட்டில் எல்லாரும் போட்டால் ஒருவர் கண் நோய் எல்லாருக்கும் வரும். பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம். கண் பெரிசாகும் என்பது வெறும் பேச்சு. திருஷ்டிப் பொட்டுத்தானே? உள்ளங்காலில் வையுங்கள், திருஷ்டி அங்கேயும் கழியும்.

மருதாணி இலையை அரைத்து வைத்தால் சிவக்க மணிக்கணக்கில் ஆகும். நிறம் செம்பழுப்பு. அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கூம்பு விற்கிறதே, அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கக் கூடும். சிலருக்குக் கை கொப்புளித்துத் தழும்பே விழுந்துவிடும். அவசரம் வேண்டாம், தோட்டத்து இலை போதும்.

தலைச்சாயம் போடுகிறவர்கள் இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் துளி தடவிப் பாருங்கள். முக்கியமாக ஒன்று. சாய பாட்டிலைப் பூட்டி வையுங்கள். அது வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். குழந்தை குடித்தாலும், கோபத்தில் பெரியவர்கள் குடித்தாலும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மங்கு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்றும் வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி நாலு வருஷம். ஒரு குழந்தை. அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷம் போகட்டும் என்று இரண்டு பேரும் பேசி, மனைவி மாலா-என் மாத்திரை சாப்பிடுகிறாள். முந்திரிக் காட்டில் வேலை. ஒருநாள் கன்னத்தின் இரண்டு பக்கமும் மேகம் படர்ந்தாற்போலப் பழுப்பு நிறம். நாம் மங்கு என்று சொல்கிறோமே, அதுதான்.

மாமியார் பார்த்துவிட்டு, "என்னா மருமவளே, மூஞ்சி இப்படிக் கருத்துப்போச்சு?" என்கிறார். வீட்டுக்காரன் விளையாட்டாக, "கட்டிக்கிட்டு வந்தப்ப செவப்பா இருந்தியே" என்கிறான். அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள்: "மாத்திரைதாண்டி காரணம், நிறுத்திடு. இந்தா, இந்தக் கிரீமைப் போடு, ஏழே நாள்ல செவந்துடுவே." இவளும் மாத்திரையை அட்டைப் பாதியிலேயே நிறுத்துகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. கிரீமைப் போடுகிறாள். ஏழே நாளில் முகம் பளபளக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு மாசம் கழித்துத் தலை சுற்றல், வாந்தி. நினைக்காத கர்ப்பம். வயிற்றில் குழந்தை, முகத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாத கிரீம்.

இந்தக் கதையில் யார் கெட்டவர்? யாரும் இல்லை. மாமியாரும் கெட்டவர் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் கெட்டவள் இல்லை. விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் தெரிந்துகொள்வோம்.

மங்கு ஏன் வருகிறது? தோலுக்கு நிறம் தருகிற பொருள் சில இடத்தில் அதிகமாகச் சுரக்கிறது. வெயில் அதைத் தூண்டும். கர்ப்ப காலத்து ஹார்மோன் தூண்டும். ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையும் சிலருக்குத் தூண்டும். குடும்பத்தில் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்கு மங்கிவிடும். சிலருக்கு நிற்கும். இதனால் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்து, இதைப் போக்கப் போடுகிற கிரீமில் இருக்கிறது.

ஏழு நாள் கிரீமுக்குள் என்ன இருக்கிறது?

சந்தையிலும், பெட்டிக்கடையிலும், இப்போது செல்போனில் ஆர்டர் போட்டும் வருகிற சிவப்பழகுக் கிரீம்களில் இரண்டு வகை ஆபத்து உண்டு.

முதல் வகை, பாதரசம். பாதரசம் தோலின் நிறச் சுரப்பைத் தடுக்கும். முகம் வெளுக்கும், உண்மைதான். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கர்ப்பிணி போட்டால் வயிற்றுக் குழந்தைக்குப் போகும். பால் கொடுக்கிறவர் போட்டால் பாலில் போகும். தலையணையிலும் துண்டிலும் ஒட்டி, கூடப் படுக்கிற குழந்தைக்கும் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கத்தில் அபூர்வமான ஒரு வகை இருந்தது. விசாரித்தால் அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் போட்டவர்கள். கால் வீங்கி, சிறுநீரில் நுரை வந்து வந்தவர்கள். நல்ல காலம், கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

பாதரசக் கிரீமை உலகமே ஒதுக்கி வருகிறது. ஜப்பானில் பாதரசக் கழிவால் பாழ்பட்ட மினமாட்டா ஊரின் பேரில் 2013-ல் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2018-ல் அதை முறைப்படி ஏற்றது. சட்டம் இருக்கிறது. ஆனாலும் திருட்டுத்தனமாகச் சரக்கு வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவில் தயாரித்தவர் பேர், விலாசம், லைசென்ஸ் எண், தேதி இல்லையா? வாங்காதீர்கள். பாதரசம், மெர்க்குரி, கலோமெல் என்ற சொல் இருக்கிறதா? தொடாதீர்கள். "தங்கம், வெள்ளி நகை மேல் படக்கூடாது" என்று எழுதியிருக்கிறதா? அது பாதரசத்தின் அடையாளம். பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும் என்று எந்த ஆசாரியும் சொல்வார். தாலிக்கு ஆகாத பொருள் முகத்துக்கு ஆகுமா?

இரண்டாம் வகை, ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் எழுதியிருக்கும். இவை நல்ல மருந்துகள்தான். தோல் நோய்க்கு மருத்துவர் அளவு சொல்லிக் கொடுப்பவை. ஆனால் அழகுக் கிரீமாகத் தினமும் முகத்தில் போட்டால் முதலில் பளபளப்பு. பிறகு தோல் சிகரெட் அட்டைக் காகிதம் போல மெலியும். சிவந்த நரம்பு தெரியும். பரு கிளம்பும். பெண்கள் முகத்தில் முடி வளரும். வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும், அதனால் திரும்பப் போடுவார்கள். சாராயம் போல விட முடியாத பழக்கமாகிவிடும். இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. மாசக்கணக்கில் போட்டவர்கள் வெட்கப்படாமல் அந்த டியூபோடு மருத்துவமனைக்கு வாருங்கள். எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தருவார்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

மங்கு வந்தால் முதல் மருந்து நிழல். காலை 10 முதல் மாலை 4 வரை குடை, முந்தானை, அகலமான தொப்பி. காட்டில் வேலை செய்கிற பெண்கள் துண்டைத் தலையில் கட்டி நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். வெயில் தடுப்புக் கிரீம் வாங்க வசதி இருந்தால், கிளம்புவதற்கு 20 நிமிஷம் முன்னால் போட்டு, வெயிலில் இருந்தால் 2 மணிக்கு ஒரு தரம் திரும்பப் போட வேண்டும். மங்கை மறைக்க வேண்டுமானால் உங்கள் நிறத்துக்கே ஏற்ற பவுடரை மெல்லிசாகப் போடுங்கள். வெள்ளைப் பவுடர் போட்டால் மங்கு சாம்பல் பூசினாற்போல இன்னும் எடுத்துக் காட்டும்.

இரண்டாவது, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையைப் பாதியில் நிறுத்தினால் அந்த மாதமே கரு தங்கலாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் போய், "அக்கா, மாத்திரை சாப்பிட்டதிலிருந்து மங்கு வந்தாப்ல இருக்கு" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். வேறு வழி சொல்வார்.

வழியா இல்லை? காப்பர்-டி இருக்கிறது. அதில் ஹார்மோன் கிடையாது. 5 வருஷம், 10 வருஷம் என்று இரண்டு வகை உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். சாயா மாத்திரை இருக்கிறது. மாலா-என் போன்ற ஹார்மோன் அதில் இல்லை. முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, பிறகு வாரத்துக்கு 1. பால் கொடுக்கிற தாயும் சாப்பிடலாம். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. அது ஹார்மோன் ஊசிதான், அதனால் மங்கு உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மாத்திரையை மாற்றுகிற இடைவெளியில் நிரோத் உபயோகியுங்கள். இவையெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

மூன்றாவது, செவிலியர் அனுப்பினால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மங்குக்கு மருந்து உண்டு, பொறுமை வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். கர்ப்பமாக இருந்தாலோ, தீட்டு தள்ளிப்போயிருந்தாலோ முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். முகத்துக்குப் போடுகிற சில மருந்து வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது.

இன்னொரு பயமும் தாய்மார்களுக்கு உண்டு. பிரசவமாகி மூன்றாம் மாதம் சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வரும். பிள்ளை சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கர்ப்பத்தில் கொட்டாமல் நின்ற முடிதான் இப்போது மொத்தமாகக் கொட்டுகிறது. ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அதற்கு ஆயிரம் ரூபாய் எண்ணெய் வேண்டாம். ஆனால் முகம் வெளுத்து, நகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினால் அது ரத்த சோகை. நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. அந்த வெளுப்பைச் சிவப்பு என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, முட்டை, கூடவே செவிலியர் தருகிற இரும்புச் சத்து மாத்திரை. இதுதான் உள்ளேயிருந்து வருகிற முகப்பூச்சு.

ஆண்களுக்குக் கடைசி வார்த்தை

தம்பிமார்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

வெயிலில் வேலை செய்கிற முகம் கருக்கத்தான் செய்யும். அந்தக் கருப்பு, தோல் தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பிடிக்கிற குடை. உங்கள் முகம் கருத்தால் உழைப்பாளி என்கிறோம். அவள் முகம் கருத்தால் மட்டும் ஏன் குறை சொல்கிறோம்? விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை அவளை எந்தக் கடைக்கு அனுப்புகிறது, எந்த விஷத்தை வாங்க வைக்கிறது என்று பார்த்தோம் அல்லவா?

அவள் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால், "அது உன் விஷயம்" என்று திரும்பிப் படுக்காதீர்கள். குழந்தை இரண்டு பேர் விஷயம் என்றால் தள்ளிப்போடுவதும் இரண்டு பேர் விஷயம்தான். நிரோத் உங்கள் கையில் இருக்கிறது. இனிக் குழந்தை போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டால், ஆண்களுக்குக் கத்தியில்லாத, தையலில்லாத சிகிச்சை இருக்கிறது. சில நிமிஷ வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பிறகு 3 மாதம் நிரோத் உபயோகித்து, விந்துப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். ஆண்மைக்கு எந்தக் குறைவும் வராது. உழைக்கிற தெம்பும் போகாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்து பாருங்கள். பேர், விலாசம் இல்லாத டப்பா, ஏழு நாள் கிரீம், தேதி போன மை எது இருந்தாலும் எடுத்து ஒரு பையில் போடுங்கள். கிணற்றிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். பாதரசம் தண்ணீரையும் கெடுக்கும். கட்டிக்கொண்டு வந்து செவிலியரிடம் காட்டுங்கள். அந்தக் கிரீமைப் போட்டவர்களுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ, கை நடுக்கமோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

அந்த இடத்தில் என்ன வைப்பது? ஒரு சோப்பு, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில், நல்ல குங்குமம், ஒரு சீப்பு. பக்கத்தில் ஒரு குடை.

அடுத்த முகூர்த்தத்துக்குத் திருவந்திபுரம் கிளம்பும்போது அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். அப்போது, "நேரமாவுது, வா" என்று கத்தாமல், "நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். அதைவிடப் பெரிய முகப்பூச்சு எந்தக் கடையிலும் விற்கவில்லை.